உயரம் கிடைத்தது, வரைபடம் கிடைக்கவில்லை: அடிராண்டாக் மலைக்காட்டு அளவை, 1872–1900

நியூயார்க் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், சாம்ப்ளேன் ஏரிக்கு மேற்கே கிடக்கும் அடிராண்டாக் மலைத்தொகுதி 1870 வரை பெரும்பாலும் வெற்றிடமாகவே வரைபடங்களில் இருந்தது. ஓரங்களில் ஊர்களும் இரும்புச் சுரங்கங்களும் மரம் வெட்டும் முகாம்களும் இருந்தன. உள்ளே போகப் போக ஊசியிலைக் காடு, சதுப்பு, ஏரிகள், பெயரில்லாத சிகரங்கள். 1872இல் மாநில அரசு இதை அளக்க ஒரு துறையை உருவாக்கி, வெர்ப்ளாங்க் கால்வின் என்ற 25 வயது இளைஞரைத் தலைவராக்கியது. 1900இல் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டது. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் மிக உயர்ந்த சிகரமான மார்சியின் உயரம் இன்றுவரை மாற்றத் தேவையில்லாத துல்லியத்தில் கிடைத்தது. 18ஆம் நூற்றாண்டின் எல்லைக் கோடுகள் பல மீட்கப்பட்டன. ஆனால் பகுதி முழுவதையும் ஒரே சீராகக் காட்டும் நில அமைப்பு வரைபடம் வரவில்லை. அதை அமெரிக்கக் கூட்டரசின் புவியியல் அளவைத் துறை 1890களில் தொடங்கி முற்றிலும் வேறு முறையில் வரைந்தது. அந்த வரைபடத்தில் சில சிகரங்கள் 100 அடிக்கு மேல் தவறின. அந்தத் தவறுகள் அரை நூற்றாண்டுக்கு மேல் உண்மையாகவே நம்பப்பட்டன.

மலைக்காட்டு அளவையில் எது எளிது, எது கடினம் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான நிகழ்வு அரிது. ஒரு புள்ளியின் துல்லியமும் புள்ளிகளுக்கு இடையில் உள்ள நிலத்தின் துல்லியமும் வெவ்வேறு வேலைகள். முதலாவதில் எவ்வளவு நேர்த்தி காட்டினாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது.

அளவை ஏன் தேவைப்பட்டது

கால்வின் அடிப்படையில் வழக்கறிஞர் பயிற்சி பெற்றவர். 1870 அக்டோபரில் வழிகாட்டி ஆல்வா டன்னிங்குடன் சீவர்ட் மலை ஏறினார். அந்தச் சிகரத்தில் பதிவான முதல் ஏற்றம் அது. அங்கிருந்து பார்த்ததை வைத்து அவர் அரசுக்கு முன்வைத்த வாதம் தண்ணீரைப் பற்றியது. காடு அழிந்தால் ஹட்சன் ஆற்றுக்கும் ஈரி கால்வாய்க்கும் வரும் நீர் குறையும். மாநிலத்தின் வணிகமே அந்த நீர்வழியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. காட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் எந்த ஓடை எங்கே பிறந்து எந்தப் பக்கம் போகிறது, எந்தத் துண்டு நிலம் அரசுடையது என்று தெரிய வேண்டும். 1872இல் இதற்குக் கிடைத்த தொகை 1,000 டாலர்.

அந்த முதல் பருவத்திலேயே ஒரு முக்கியமான முடிவு கிடைத்தது. 1872 செப்டம்பர் 16 அன்று மார்சி உச்சியிலிருந்து தென்மேற்கே இறங்கிய கால்வினும் வழிகாட்டி பில் நையும் 4,293 அடி உயரத்தில் சின்னக் குளம் ஒன்றை அடைந்தார்கள். அதன் நீர் கிழக்கே அவுசபிள் ஆற்றுக்குப் போவதாகத்தான் அதுவரை கருதப்பட்டது. வெளியேறும் ஓடையைத் தொடர்ந்து பார்த்தபோது அது ஃபெல்ட்ஸ்பார் ஓடை வழியாக ஒபலெசென்ட் ஆற்றில் சேர்ந்து ஹட்சனுக்குப் போனது. ஹட்சனின் மிக உயர்ந்த ஊற்றுக்குளம் என்று இன்று அறியப்படும் ‘லேக் டியர் ஆஃப் தி கிளவுட்ஸ்’ அதுதான். இந்த இடத்தில் கருவி எதுவும் உதவியிருக்காது. நீர்பிரி மேடு காட்டுக்குள் சில அடி உயர வேறுபாட்டில் மறைந்திருக்கும்போது தொலைவிலிருந்து எடுக்கும் கோணம் பொய் சொல்லும். ஓடையோடு நடந்து பார்ப்பது ஒன்றே வழி. மலைக்காட்டு வரைபடங்களில் ஓடைகள் தவறான பள்ளத்தாக்கில் இணைக்கப்பட்டிருப்பதற்குப் பெரும்பாலும் இந்த நடை நடக்கப்படாததே காரணம்.

பாதரசமும் அதன் தொல்லைகளும்

தொடக்க ஆண்டுகளில் உயரம் எடுக்கப் பயன்பட்ட முதன்மைக் கருவி மலை ஏற்றத்துக்கென்று செய்யப்பட்ட பாதரசக் காற்றழுத்தமானி. ஏறக்குறைய 3 அடி நீளக் கண்ணாடிக் குழாய், அடியில் தோல் பையுடன் கூடிய பாதரசத் தொட்டி, வெளியே பித்தளைக் கூடு. தூக்கிச் செல்லும்போது திருகை முடுக்கிப் பாதரசத்தைக் குழாய் முழுக்க ஏற்றி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நேராகப் பிடித்து நடந்தால் பாதரசம் குழாயின் மேல்முனையில் மோதிக் கண்ணாடியை உடைத்துவிடும். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத பழுது: ஒரு சிறு காற்றுக்குமிழி மேலே ஏறிவிட்டால் வெற்றிடம் கெட்டு, அழுத்தம் எப்போதும் குறைவாகவே காட்டும், மலை உண்மையைவிட உயரமாகிவிடும். குழாயை மெதுவாகச் சாய்க்கும்போது பாதரசம் கண்ணாடி முனையில் ‘டிக்’ என்று கூர்மையாகத் தட்ட வேண்டும். ஒலி மழுங்கியிருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது என்று பொருள்.

கருவி நன்றாக இருந்தாலும் கணக்கு சும்மா விடாது. கடல்மட்டத்துக்கு அருகில் பாதரசம் 1 அங்குலம் இறங்கினால் ஏறக்குறைய 900 அடி ஏறியிருக்கிறோம். 5,000 அடி உயரத்தில் அதே 1 அங்குலம் 1,050 அடிக்கு மேல். ஆகவே அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு தவறாகப் படித்தால் 9 முதல் 11 அடி பிசகும். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட காற்றின் சராசரி வெப்பநிலையில் 1 பாரன்ஹீட் பாகை தவறினால் உயர வேறுபாட்டில் 500இல் ஒரு பங்கு தவறும். 5,000 அடி மலைக்கு அது 10 அடி. அந்தச் சராசரியை யாரும் அளப்பதில்லை. அடிவார வெப்பத்தையும் உச்சி வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள். காலையில் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கி நிற்கும் நாளில் அந்தச் சராசரி பல பாகை தப்பாக இருக்கும். அதோடு, அடிவாரக் கருவியையும் உச்சிக் கருவியையும் ஒரே நேரத்தில் படிக்காவிட்டால், நடுவில் கடந்துபோன ஒரு மேகமூட்டத்தின் அழுத்த மாற்றமும் மலையின் உயரத்தில் சேர்ந்துகொள்ளும்.

1837 ஆகஸ்ட் 5 அன்று எபனேசர் எம்மன்ஸ் குழு மார்சியில் முதன்முதலாக ஏறியபோது காற்றழுத்தமானி கொடுத்த உயரம் 5,467 அடி. உண்மையைவிட 123 அடி கூடுதல். அன்றைய தரத்துக்கு அது மோசமான அளவீடு அல்ல. மேலே சொன்ன சிறு பிழைகளில் சில ஒரே திசையில் சேர்ந்தாலே போதும்.

1875: மட்டக் கருவியோடு மலை ஏறுதல்

காற்றழுத்தமானியை எவ்வளவு கவனமாகக் கையாண்டாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. அதனால் 1875இல் சாம்ப்ளேன் ஏரியிலிருந்து மார்சி உச்சி வரை நேரடி மட்ட அளவை (கிடைமட்டப் பார்வைக் கோட்டால் படிப்படியாக உயரம் எடுப்பது) ஓட்டப்பட்டது. பொறுப்பு கால்வினின் நெடுநாள் துணைவர் மில்ஸ் பிளேக்கிடம். ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 95 அடி மேலே. அங்கிருந்து 5,249 அடி ஏற வேண்டும்.

சாலையில் மட்டம் ஓட்டுவது வேறு, மலைச்சரிவில் ஓட்டுவது வேறு. 12 அடி அளவுகோல் (ஸ்டாஃப்) வைத்துக்கொண்டு ஏறும்போது, பின்பார்வை (கீழே, உயரம் தெரிந்த புள்ளியில் நிற்கும் கோலைப் படிப்பது) கோலின் உச்சிப் பகுதியிலும் முன்பார்வை (மேலே, அடுத்த புள்ளியின் கோலைப் படிப்பது) கோலின் அடிப் பகுதியிலும் விழ வேண்டும். கருவியை ஒருமுறை நிறுத்தும் ஒரு நிலைப்பாட்டில் அதிகபட்சம் 10 அடி ஏறலாம். இடையில் இறங்கும் பள்ளங்களைக் கணக்கில் சேர்க்காமலேயே 500க்கு மேற்பட்ட நிலைப்பாடுகள். ஒவ்வொன்றிலும் முக்காலியைப் பாசி படிந்த பாறையிலோ மக்கிய இலைப்படுகையிலோ ஊன்ற வேண்டும். அடிராண்டாக் காட்டுத் தரையில் மக்கு ஓர் அடி ஆழத்துக்கும் மேல் இருக்கும் இடங்கள் உண்டு. முக்காலிக் கால் படிப்படியாக அமிழும். பின்பார்வைக்கும் முன்பார்வைக்கும் இடையில் கருவி நூறில் ஒரு அடி இறங்கினால், எல்லா நிலைப்பாடுகளிலும் அது ஒரே திசையில் சேரும். 500 முறை சேர்ந்தால் 5 அடி. இதைத் தவிர்க்க, முக்காலிக் கால்களை மக்கைக் கிளறிப் பாறை வரை இறக்குவது, ஒரு நிலைப்பாட்டில் முன்பார்வையை முதலிலும் அடுத்ததில் பின்பார்வையை முதலிலும் படிப்பது என்று மாற்றிச் செய்வது ஆகியவை வழக்கம். கோல் வைக்கும் இடம் ஆணியோ, பாறை முனையோ, வேரின் மேல் வெட்டிய குமிழோ ஆக இருக்க வேண்டும். வெறும் தரையில் வைத்தால் கோலைத் திருப்பும்போதே மட்டம் மாறிவிடும்.

சரிவில் இன்னொரு பொறி: மேல்நோக்கிய பார்வை எப்போதும் குறுகியதாகவும் கீழ்நோக்கிய பார்வை நீண்டதாகவும் ஆகிவிடும். கருவியின் பார்வைக் கோடு சற்றே சாய்ந்திருந்தால் அந்தப் பிழை சமமான தொலைவுகளில் மட்டுமே தானே அடிபட்டுப்போகும். சமமில்லாவிட்டால் உச்சி வரை சேர்ந்துகொண்டே போகும். ஆகவே சரிவுக்கு நேராக ஏறாமல், குறுக்கும் நெடுக்குமாகச் சென்று இரு பார்வைகளையும் சமமாக்குவார்கள். வேலை இரட்டிப்பாகும், முடிவு நம்பகமாகும்.

திசையற்ற பிழைகள் பயமுறுத்துவதில்லை. ஒவ்வொரு நிலைப்பாட்டிலும் ஆயிரத்தில் ஐந்து அடி தவறினாலும் 1,000 நிலைப்பாடுகளுக்குப் பின் எதிர்பார்க்கக்கூடிய மொத்தப் பிழை அடியில் ஆறில் ஒரு பங்குதான். பருவம் முடிந்து பனி உறையத் தொடங்கியிருந்த நேரத்தில் குழு உச்சியை எட்டியது. விடை 5,344 அடி. இன்றைய வரைபடங்களிலும் மார்சிக்கு அதே எண்தான். மட்ட அளவைக்கு மரம் ஒரு பெரிய தடையல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்: பார்வைத் தொலைவு 50 அடிதான் என்றாலும் அது வேலை செய்யும்.

மரங்களுக்கு மேலே முக்கோணம்

சிகரங்களை முக்கோணங்களாக இணைத்துக் கோணங்களால் இடத்தைக் கணிக்கும் முக்கோண அளவைக்கு அப்படியல்ல. அதற்குச் சிகரத்துக்குச் சிகரம் கண்பார்வை வேண்டும். சென்னை பரங்கிமலை அருகே 1802இல் வில்லியம் லாம்டன் என்ற அளவையாளர் அடிக்கோடு (முதல் முக்கோணத்தின் ஒரு பக்கம்) அளந்து தொடங்கிய வேலையின் அதே கணிதம்தான் இங்கும். நிலப்பரப்பு வேறு. அடிராண்டாக்கில் மார்சி, ஹேஸ்டாக், ஸ்கைலைட், வைட்ஃபேஸ் போன்ற சில உச்சிகளே மரவரம்புக்கு மேல் மொட்டைப் பாறையாக நிற்கின்றன. மற்றவை உச்சி வரை பால்சம் ஃபர் மரங்களும் ஸ்ப்ரூஸ் மரங்களும் நெருக்கியடித்த காடு. உச்சிக்குச் சற்றுக் கீழே காற்றால் குட்டையாகிப் பின்னிக்கிடக்கும் புதர்ப்பட்டை வேறு. ஆள் நுழைய முடியாத அந்த அடர்த்தியில் சில நேரம் கிளைகளின் மேல் கால் வைத்துத்தான் நகர வேண்டும். கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் பெட்டியோடு அப்படி நகர்வதை நினைத்துப் பார்க்கலாம். உச்சியை அடைந்தபின் பார்வைக் கோடுகளுக்காக மரங்களை வெட்டிச் சாய்த்து, எஞ்சிய கட்டைகளால் சமிக்ஞைக் கோபுரம் எழுப்பினார்கள்.

கோபுரம் எழுப்பியதும் அடுத்த சிக்கல்: 30 மைல் தொலைவில் அது தெரியுமா? கறுத்த காட்டின் பின்னணியில் கறுத்த கட்டை தெரியாது. ஆளை வைத்துக் கண்ணாடியால் ஒளி காட்டலாம். ஆனால் ஒரே நேரத்தில் பத்து உச்சிகளில் ஆட்களை வாரக்கணக்கில் வைத்து உணவு கொடுக்க நிதி இல்லை. கால்வின் இதற்கு உருவாக்கியதுதான் ஸ்டான்-ஹீலியோ: பளபளப்பான தகடுகள் சாய்வாகப் பொருத்தப்பட்டுக் காற்றில் தானே சுழலும் அமைப்பு. சுழலும்போது ஏதாவது ஒரு முகம், ஏதாவது ஒரு நொடியில், நோக்குபவர் இருக்கும் திசைக்குச் சூரியனைப் பளிச்சிடும். ஆள் தேவையில்லை, திசை சரிசெய்யவும் வேண்டாம். சுழல்வதால் இன்னொரு நன்மையும் உண்டு. நிலையான கம்பத்தில் வெயில் விழும் பக்கம் மட்டுமே பிரகாசிப்பதால் நோக்குபவர் கம்பத்தின் மையத்தை விட்டு விளிம்பைக் குறிபார்த்துவிடுவார். சுழலும் தகட்டில் அந்த ஒருபக்கப் பிழை பெருமளவு குறைகிறது.

பிழைகளின் அளவு தெரிந்தால்தான் இந்த அக்கறை புரியும். 30 மைலில் 5 விநாடிக் கோணத் தவறு (1 விநாடி பாகையில் 3,600இல் ஒரு பங்கு) ஏறக்குறைய 4 அடி பக்கவாட்டு நகர்வு. 75 சதுர மைல் பரப்புக்கு 1 விநாடி வீதம் முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைத் தாண்டும். பூமி வளைவதால் இது இயல்பு. இதைக் கழிக்காமல் முக்கோணத்தை மூடினால் நல்ல கோணங்களைக் கெடுத்து வைத்ததாகும். செங்குத்துக் கோணத்தில் உயரம் எடுப்பதானால் பூமியின் வளைவுக்கும் ஒளிமுறிவுக்கும் (காற்றில் ஒளி வளைவது) சேர்த்துச் செய்ய வேண்டிய திருத்தம் 10 மைலில் 57 அடி, 30 மைலில் 517 அடி. அதில் ஒளிமுறிவின் பங்கு 30 மைலில் 80 அடிக்கு மேல். அது நேரத்துக்கு நேரம் மாறும். ஆகவே இரு முனைகளிலிருந்தும் எதிரெதிராகக் கோணம் எடுக்காத உயரங்களை நம்பக்கூடாது. பிற்பகல் எடுத்த கோணங்கள் காலையில் எடுத்தவற்றைவிட நிலையானவை.

நிலையப் புள்ளிகளில் எண்ணும் ‘அடிராண்டாக் அளவை’ என்ற பெயரும் பொறித்த செம்பு ஆணிகளைப் பாறையில் துளையிட்டுப் பதித்தார்கள். பல சிகரங்களில் அவற்றை இன்றும் காணலாம். எல்லா வேலைகளிலும் நீண்ட காலம் நிலைத்த பயன் தந்தது இந்த ஆணிதான் என்பது எங்கள் கருத்து. கோபுரம் சாயும், வெட்டிய இடத்தில் மரம் மறுபடி வளரும், குறிப்பேடு தொலையலாம். ஆணி இருந்தால் அடுத்தவர் வந்து அதே புள்ளியில் நிற்க முடியும்.

குளிர்காலத்தை ஓய்வுக்காலமாக விடாததும் இந்த அளவையின் சிறப்பு. இலையுதிர் மரங்கள் மொட்டையாகும்போது பார்வைக் கோடு திறக்கிறது; உறைந்த ஏரி மைல்கணக்கில் சமதளமாகிறது; சதுப்பில் நடக்க முடிகிறது. ஆனால் எஃகு நாடா சுருங்கும். 62 பாரன்ஹீட் பாகையில் சரிபார்த்த நாடாவைப் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் இழுத்தால் மைலுக்கு ஏறக்குறைய இரண்டரை அடி கூடுதலாகப் பதிவாகும். வெப்பமானியை நாடாவோடு சேர்த்துப் பனிக்கட்டியின் மேல் வைத்துப் படிக்க வேண்டும். காற்றின் வெப்பநிலையைப் போட்டால் திருத்தமே பிழையாகும்.

எல்லைக் கோடு: பழைய கோடரி வெட்டைத் தேடுதல்

இந்த அளவையின் பெரும்பகுதி உழைப்பைத் தின்றது உயரமல்ல, எல்லை. மரக் கம்பெனிகள் காட்டை வெட்டிவிட்டு வரி கட்டாமல் விட்ட நிலங்கள் அரசிடம் வந்து சேர்ந்தன. 1885இல் காட்டுக் காப்புநிலச் சட்டம் வந்தபோது அடிராண்டாக்கில் ஏறக்குறைய 6,81,000 ஏக்கர் அதில் சேர்ந்தது. எல்லாம் துண்டு துண்டாக. 1892இல் பூங்கா எல்லை குறிக்கப்பட்டது. 1894இன் மாநில அரசியலமைப்பு அந்த நிலத்தில் மரம் வெட்டுவதையே தடுத்தது. இப்போது ஒரு மரம் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது சட்டச் சிக்கல்.

கோடுகளோ மிகப் பழையவை. 1771இல் நடந்த டாட்டன்–கிராஸ்ஃபீல்டு கிரயம் ஏறக்குறைய 11.5 லட்சம் ஏக்கர், 50 எண்ணிட்ட ஊர்ப்பகுதிகளாக (டவுன்ஷிப்) பிரிக்கப்பட்டது. அதன் வட எல்லையின் ஒரு பகுதியை 1772இல் ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல் திசைகாட்டியும் சங்கிலியும் கொண்டு ஓட்டினார். அதற்கு வடக்கே 1791இன் மக்கோம் கிரயம். ஒரு கோடு நகர்ந்தால் இரண்டு கிரயங்களின் நிலமும் நகரும்.

66 அடி நீளம், 100 கண்ணிகள் கொண்ட கன்டர் சங்கிலிதான் அளவுகோல். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நம் ஊர்ப் புலப்படங்களில் கண்ணிக் கணக்காக வருவதும் இதே சங்கிலிதான். சரிவில் சங்கிலியைக் கிடைமட்டமாகப் பிடிக்காமல் தரையோடு போட்டால் 15 பாகைச் சரிவில் 3.4 விழுக்காடு கூடுதல் காட்டும்; மைலுக்கு 180 அடி. காட்டில் புதரைச் சுற்றிப் போனதற்கு ஒரு கைக்கணக்கு, சங்கிலிக்காரன் எண்ண மறந்ததற்கு இன்னொன்று. திசை இன்னும் மோசம். உண்மை வடக்கிலிருந்து காந்த ஊசியின் விலகல் ஆண்டுக்குச் சில கலை (1 கலை பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வீதம் மாறிக்கொண்டே இருக்கும். 1772 கோட்டின் திசையெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு 1880இல் திசைகாட்டி வைத்து நடந்தால் பாகைக்கணக்கில் விலகிப்போகும். 1 பாகை விலகினால் 10 மைலில் 920 அடி. இதற்குமேல் அடிராண்டாக்குக்கே உரிய தொல்லை ஒன்று: இந்த மலைகளில் மேக்னடைட் இரும்புத்தாது உண்டு. மக்கின்டயர் இரும்பாலை எழுந்ததே அதற்காகத்தான். தாதுப்படுகைக்கு மேல் ஊசி இழுபட்டு நிற்கும். ஒரு நிலையத்தில் முன்திசையும் அதற்கடுத்த நிலையத்தில் பின்திசையும் 180 பாகை வேறுபடாவிட்டால் ஊசி இழுபட்டிருக்கிறது என்று தெரியும். 1772இல் பின்திசை எடுக்கப்படாத இடங்களில் கோடு வளைந்துபோய், வளைந்தது தெரியாமலே மரங்களில் வெட்டப்பட்டுவிட்டது.

ஆனாலும் சட்டத்தில் அந்த வளைந்த கோடுதான் எல்லை. நிலத்தில் முதன்முதல் இட்ட குறிக்குத்தான் முதல் மதிப்பு. பத்திரத்தில் எழுதிய திசைக்கும் தொலைவுக்கும் அதற்குப் பிறகுதான். எனவே நேர்த்தியான புதிய கோடு போடுவது இங்கே தவறான வேலை. 100 ஆண்டுக்கு முன் விழுந்த கோடரி வெட்டைக் கண்டுபிடிப்பதே வேலை.

வெட்டுக்குறி கண்டுபிடிப்பது இப்படி. கோட்டின் மேலேயே நிற்கும் மரத்தில் கோடு நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் வெட்டியிருப்பார்கள். கோட்டை ஒட்டி நிற்கும் மரத்தில் கோட்டைப் பார்த்த முகத்தில் மட்டும். வெட்டுக்கு மேல் ஆண்டுதோறும் புதிய மரம் வளர்ந்து மூடிவிடும். வெளியே பட்டையில் செங்குத்தான வடு மட்டும் மிஞ்சும். பீச் மரத்தின் பட்டை வழவழப்பானது, வடு நெடுங்காலம் தெரியும். ஹெம்லாக்கின் தடித்த பட்டையில் பழக்கப்பட்ட கண்ணுக்குத்தான் தெரியும். வடுவுக்கு மேலும் கீழும் ரம்பத்தால் அறுத்து, அந்தக் கட்டையைப் பிளந்து எடுத்தால் உள்ளே பழைய வெட்டு முகம் கோடரித் தடத்தோடு அப்படியே இருக்கும். அந்த முகத்திலிருந்து பட்டை வரை வளையங்களை எண்ண வேண்டும். 1882இல் எண்ணும்போது 110க்கு அருகில் வந்தால் 1772இன் வெட்டு. 60 வந்தால் பின்னால் வந்த யாரோ ஒருவருடையது, அல்லது வேட்டைக்காரர் தன் பொறிவழிக்கு வைத்தது. மூலை மரத்தில் எழுத்தும் எண்ணும் செதுக்கியிருப்பார்கள். அதை மூடி வளர்ந்த கட்டையைக் கழற்றினால் அதன் உட்புறத்தில் அந்த எழுத்து இடவலமாகப் புடைத்து நிற்கும். நீதிமன்றத்தில் அந்தக் கட்டைக்கு எதிராகப் பேச ஆளில்லை.

ஒரு மரம் போதாது. ஒரே வயது வெட்டுகள் ஒரே வரிசையில் பல மரங்களில் கிடைக்க வேண்டும். ஐயமில்லாத இரு மூலைகள் கிடைத்ததும், அவற்றுக்கிடையே இன்றைய திசையையும் பழைய குறிப்பேட்டின் திசையையும் ஒப்பிட்டு அந்தக் கோட்டுக்கான விலகலைக் கண்டு, தொலைவிலும் அதேபோல ஒரு விகிதம் கண்டு, அடுத்த மூலையைத் தேட வேண்டிய வட்டத்தைச் சுருக்குவார்கள். மரக்கம்பம் நட்ட மூலைகளில் கம்பம் மக்கியிருக்கும். சுற்றிக் குவித்த கற்குவியல் பாசிக்கடியில் இருக்கும். காற்றில் சாய்ந்த மரத்தின் வேர்மண் உருவாக்கும் மேட்டையும் கற்குவியலையும் பிரித்தறிய மண்ணைத் தோண்டிப் பார்ப்பதுதான் வழி. வேர்மேட்டில் கல்லோடு மண் கலந்திருக்கும். கையால் அடுக்கிய குவியல் தரையின் மேல் அமர்ந்திருக்கும்.

ஏன் வரைபடம் வரவில்லை

நிதி ஆண்டுக்கு ஆண்டு சட்டமன்றம் கொடுத்தால்தான் உண்டு. கால்வின் தன் சொந்தப் பணத்தையும் செலவிட்டார். 1883இல் மாநில நில அளவையும் அவர் பொறுப்பில் வந்தபின் எல்லை வேலை மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. இவை உண்மையான காரணங்கள். இவற்றுக்கு அடியில் ஒரு முறையியல் காரணமும் இருந்தது: ஒவ்வொரு புள்ளியையும் புவியளவைத் தரத்தில் முடித்த பிறகே தாளை நிரப்புவது என்ற வரிசை. அறிக்கைகளில் அழகான மலைத்தொடர் ஓவியங்களும் ஏரி வரைபடங்களும் உண்டு. ஆனால் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு போட்டுத் தாள்தாளாக நாட்டை மூடும் திட்டம் இல்லை. 1900இல் ஆளுநர் தியோடர் ரூஸ்வெல்ட் காலத்தில் பதவி நீக்கப்பட்டபோது எஞ்சியது குறிப்பேடுகளும் ஆணிகளும் அறிக்கைகளும். அடுத்த ஆண்டு செப்டம்பர் 13 அன்று, அமெரிக்கத் துணைத்தலைவராக மார்சியிலிருந்து இறங்கிய ரூஸ்வெல்ட்டுக்குக் குடியரசுத் தலைவர் மக்கின்லியின் நிலை மோசமான செய்தி வந்து சேர்ந்தது, கால்வின் வரைபடத்தில் ஏற்றிய அதே ஊற்றுக்குளத்தின் அருகில்.

தளமேசை வந்தது

புவியியல் அளவைத் துறையின் தாள்கள் 15 கலைக்கு 15 கலை, அளவு 1:62,500, சம உயரக் கோடு 20 அடிக்கு ஒன்று. இந்த அகலாங்கில் ஒரு தாள் ஏறக்குறைய 215 சதுர மைல். முறை தளமேசை (பிளேன் டேபிள்): தாளை மேசையில் ஒட்டிக்கொண்டு திறந்த உச்சியில் நின்று, தெரியும் ஒவ்வொரு சிகரத்துக்கும் கதிர் இழுத்து, மூன்று இடங்களிலிருந்து வரும் கதிர்கள் வெட்டும் புள்ளியைக் குறித்து, செங்குத்துக் கோணத்தால் உயரம் கணித்து, நிலத்தைக் கண்ணால் பார்த்தபடியே கோடு வரைவது. தெரியாத பள்ளத்தாக்குகளில் பாதரசம் இல்லாத சிறு அனராய்டு காற்றழுத்தமானியும் காலடிக் கணக்கும். பருவம் பருவமாக மலைத்தொகுதி தாளில் வந்துவிட்டது. வழி கண்டுபிடிக்க, நீர்ப்படுகை பிரிக்க, காட்டுத்தீயை இடம் சுட்ட இது போதும். இதுதான் தேவையாகவும் இருந்தது.

குறை எங்கே வந்தது? சாலையும் மொட்டை உச்சியும் அருகில் உள்ள இடங்களில் உயரங்கள் நன்றாக வந்தன. மூடிய, உருண்ட, பெயரில்லாத உச்சிகளில் வழுக்கின. அப்படிப்பட்ட மலைக்கு இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால் இரு வேறு திமில்கள் உச்சியாகத் தெரியலாம். கதிர்கள் தவறான இடத்தில் வெட்டும். அரை மைல் தொலைவுப் பிழை 4 பாகைக் கோணத்தில் 185 அடி உயரப் பிழையாகும். கோணத்தில் 1 கலைத் தவறு 5 மைலில் 8 அடிதான். ஆகவே கருவியின் துல்லியம் பிரச்சினையல்ல, எதைப் பார்க்கிறோம் என்பதே பிரச்சினை. மரமுகட்டைக் குறிபார்த்தால் 20, 30 அடி மேலும் சேரும்.

இதன் விளைவு 1918 முதல் 1925 வரை வெளிப்பட்டது, யாரும் உணராமல். ராபர்ட் மார்ஷல், ஜார்ஜ் மார்ஷல் சகோதரர்களும் வழிகாட்டி ஹெர்பர்ட் கிளார்க்கும் 4,000 அடிக்கு மேற்பட்ட எல்லாச் சிகரங்களையும் ஏறி முடித்தார்கள். எது தனிச் சிகரம் என்பதற்கு அவர்கள் வைத்த விதி: எல்லாப் பக்கமும் 300 அடியாவது எழ வேண்டும், அல்லது அடுத்த உயர்ந்த சிகரத்திலிருந்து முக்கால் மைல் தள்ளியிருக்க வேண்டும். பட்டியல் 46. ஆதாரம் அந்தத் தாள்கள். 1950களில் வந்த மறு அளவையில் பிளேக், கிளிஃப் இரண்டும் 3,960 அடி, நை 3,895, கவுச்சசக்ராகா 3,820 என்று தெரிந்தது. பட்டியலில் இல்லாத மெக்நாட்டன் சரியாக 4,000 அடி என்று வந்தது. பின்னர் வந்த தாள்களில் அதுவும் 3,983 ஆனது. கவுச்சசக்ராகாவின் பிழை குறைந்தது 180 அடி, அதாவது ஒன்பது சம உயரக் கோடுகள். மலையேறிகள் பழைய பட்டியலையே வைத்துக்கொண்டார்கள். ஏறுவதற்கு அது நியாயமான முடிவு. ஆனால் பழைய தாளிலிருந்து உயரங்களை எடுத்துத் தாவரப் பரவலையோ பழைய மரவரம்பையோ ஒப்பிடுகிறவர் இதே நான்கு எண்களில் மாட்டிக்கொள்வார். மார்சியின் உச்சியில் ஓர் அடிகூடத் தவறாத எண் 1875 முதல் இருந்தும், சில மைல் தள்ளியிருந்த இந்த மலைகளுக்கு அது எந்த வகையிலும் கைகொடுக்கவில்லை.

பழைய தாளையும் குறிப்பேட்டையும் இன்று பயன்படுத்துவது

பழைய தாளை வருடிக் கணினியில் இடம்பொருத்தும்போது நான்கு மூலைகளை மட்டும் நம்பக்கூடாது. மூலைகள் அச்சுச் சட்டகத்தின் அளவு. நிலம் அதற்குள் பல நூறு அடி நகர்ந்திருக்கலாம். ஏரி வாய்கள், ஓடைச் சந்திகள், மொட்டை உச்சிகள் என்று மாறாத 15, 20 புள்ளிகளை எடுத்து எச்சப்பிழையை (பொருத்திய பிறகும் மிஞ்சும் வேறுபாட்டை) பார்க்க வேண்டும். இந்த அளவில் தாளில் ஐம்பதில் ஓர் அங்குலம் தரையில் 104 அடி. அதற்குள் வரும் எச்சம் இயல்பு. ஒரே பள்ளத்தாக்கில் எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் 500 அடி தள்ளியிருந்தால் அந்தப் பள்ளத்தாக்கு தொலைவிலிருந்து வரையப்பட்டது. அங்கே உள்ள உயரங்களையும் ஐயத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அணை கட்டி மட்டம் உயர்த்தப்பட்ட ஏரிகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாக எடுக்கவே கூடாது. அடிராண்டாக்கில் மரத்தை மிதக்கவிட்டுக் கொண்டுபோகக் கட்டிய பழைய அணைகள் ஏராளம்.

கால்வினின் எண்களில் உயரத்தின் மூலம் எது என்று முதலில் பிரிக்க வேண்டும்: மட்ட அளவையா, செங்குத்துக் கோணமா, காற்றழுத்தமானியா. ஒரே அறிக்கையில் மூன்றும் கலந்து வரும். தசமம் வரை எழுதியிருப்பதால் மட்டும் எல்லாம் ஒரே தரமாகிவிடாது. மட்ட அளவை எண்ணை இன்றைய கடல்மட்டத் தளத்துக்கு மாற்ற, ஏரியின் அன்றைய மட்டக்குறிக்கு என்ன மதிப்பு கொடுத்தார்கள் என்பதைக் குறிப்பேட்டிலேயே தேடி எடுக்க வேண்டும். எல்லைக் குறிப்பேடுகள் ஆல்பனியில் மாநிலச் சுற்றுச்சூழல் காப்புத் துறையிடம் இருக்கின்றன. அரசு நிலத்தின் கோடு தகராறுக்கு வரும்போது நில அளவையர்கள் இன்றும் அவற்றைத்தான் முதலில் திறக்கிறார்கள்: எந்த மரம், எந்த இனம், எவ்வளவு பருமன், எந்தப் பக்கம் வெட்டு, எத்தனை வளையம் என்று அந்தப் பக்கங்களில் எழுதியிருக்கிறது.